முறுக்குவிசை மாற்றி: அளவறிந்து தெரிவு செய்வோம்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எம் முன்னோர் வாக்கு. உணவுக்கும் உறக்கத்துக்கும் மட்டுமன்றி, மோட்டார் வாகனத்தின் உள்ளே சுழலும் ஓர் உறுப்புக்கும் இப்பழமொழி பொருந்தும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலரில் கார்ப் பொறிமுறை எதற்கு எனப் பெற்றோர் சிலர் வியக்கக்கூடும். காரணம் உண்டு. ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் நாம் நின்றபோது, தம் தங்கையை அழைத்துச் செல்ல வந்த எமது பழைய மாணவர் ஒருவர், “சேர், ஸ்ரோல் கூடின கொன்வேட்டர் போட்டால் கார் பறக்குமாம், உண்மையோ?” என்று கேட்டார். அருகில் நின்ற தந்தையார், “இரண்டு கோடை விடுமுறை உழைச்ச காசு முழுக்க இந்தக் காருக்கே போகுது. என்ன சாமான் எண்டு கேட்டால் எனக்கு விளங்கச் சொல்லவும் மாட்டான்” என்று மனம் நொந்தார். மகனுக்குச் சொல்ல விருப்பம் இல்லாமல் இல்லை. தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தந்தைக்குக் கேட்க விருப்பம் இல்லாமல் இல்லை. எதைக் கேட்பதென்று தெரியவில்லை. அவ்விருவருக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியைச் சிறிதேனும் குறைக்கலாம் என்னும் எண்ணத்திலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

எண்ணெய் வழியே செல்லும் விசை

இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் மின்சாரத்தில் இயக்குங்கள். சிறிது நேரத்தில், மின்சாரம் பெறாத மற்றைய விசிறியும் சுழலத் தொடங்கும். இரண்டுக்கும் இடையே இரும்புத் தொடர்பு எதுவும் இல்லை; காற்றே விசையைக் கொண்டு செல்கிறது. காற்றுக்குப் பதிலாக எண்ணெயை இட்டு, இரு விசிறிகளையும் ஒரே கூட்டுக்குள் மிக நெருக்கமாக அடைத்தால், தானியங்கிக் கியர்ப் பெட்டிக்கு முன்னால் அமைந்துள்ள முறுக்குவிசை மாற்றியின் அடிப்படை கிடைத்துவிடும். கராஜ்களில் இதனையே ரோர்க் கொன்வேட்டர் என அழைப்பர்.

இக்கூட்டினுள் மூன்று சில்லுகள் உள்ளன. முதலாவது, இயந்திரத்துடன் இணைந்து சுழலும் பம்பிச் சில்லு. இது எண்ணெயை வெளிப்புறமாக வீசி எறிகிறது. இரண்டாவது, கியர்ப் பெட்டியின் தண்டுடன் இணைந்த சுழலிச் சில்லு. வீசப்பட்ட எண்ணெய் இதன் தகடுகளில் மோதி இதனைச் சுழற்றுகிறது. மூன்றாவது, இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நிலைச் சில்லு. சுழலியை விட்டு வெளியேறும் எண்ணெய், பம்பியின் சுழற்சிக்கு எதிரான திசையில் வருகிறது. அது அவ்வாறே பம்பியை அடைந்தால் இயந்திரத்தைத் தடுக்கும். நிலைச் சில்லின் வளைந்த தகடுகள் அவ்வெண்ணெயின் திசையைத் திருப்பி, பம்பிக்கு உதவியாக அனுப்புகின்றன. இந்தத் திருப்பத்தினாலேயே முறுக்குவிசை பெருகுகிறது. கார் நிற்கும் நிலையில், இயந்திரம் தரும் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கியர்ப் பெட்டியைச் சென்றடையும்.

கார் வேகம் பெற்று, சுழலியும் பம்பியின் வேகத்தை அண்மிக்கும்போது, பெருக்கம் குறைந்து மறைந்துவிடும். அப்போது நிலைச் சில்லு தன் ஒருவழிக் கிளச்சின் உதவியால் தானும் சேர்ந்து சுழலத் தொடங்கும். எனினும் சுழலி ஒருபோதும் பம்பியின் வேகத்தை முழுமையாக எட்டுவதில்லை. எஞ்சும் சிறு வேறுபாட்டை நழுவல் என்போம். இந்நழுவலை நீக்குவதற்காக அண்மைக்காலக் கார்களின் மாற்றியினுள் ஒரு பூட்டுக் கிளச் அமைக்கப்பட்டுள்ளது. நெடுஞ்சாலை வேகத்தில் அது பம்பியையும் சுழலியையும் ஒன்றாகப் பூட்டிவிடும்.

கப்பலிலிருந்து காருக்கு

இக்கருவி கார்களுக்காகப் பிறந்ததன்று. ஜேர்மனியப் பொறியியலாளர் ஹேர்மன் ஃபொற்றிங்கர் என்பவர் 1905 ஆம் ஆண்டில் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். அவர் அப்போது ஸ்ரெற்றின் நகரில் உள்ள வுல்கான் கப்பல் கட்டும் நிறுவனத்தில் பணியாற்றினார். நீராவிச் சுழலி மிக விரைவாகச் சுழலும். கப்பலின் உந்துசில்லோ மெதுவாகச் சுழன்றாற்றான் நன்கு உந்தும். இவ்விரண்டையும் இணைப்பதற்கு அவர் திரவத்தைப் பயன்படுத்தினார்.

இலங்கையில் வாழ்ந்த பெற்றோர்களுக்கு இக்குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு கருவி அறிமுகமானதே. 1958 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிய பின்னர், இலண்டன் மாநகரில் ஓடிய இரட்டைத் தட்டு பஸ் வண்டிகள் பல நூறு அங்கு கொண்டுவரப்பட்டன. அவற்றில் நிலைச் சில்லு இல்லாத எளிய திரவ இணைப்பு ஒன்று இருந்தது. அது முறுக்குவிசையைப் பெருக்காது. ஆனால் நின்ற வண்டியைக் குலுக்கமின்றி நகர்த்தும். அவ்வண்டிகளில் பயணித்த எம் முதியோர், ஃபொற்றிங்கரின் கண்டுபிடிப்பின் மீதே பயணித்தனர் என்பது இன்று நினைக்க வியப்பளிக்கிறது.

கார்களில், 1940 ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் வண்டிக்கு ஜெனரல் மோட்டோர்ஸ் வழங்கிய ஹைட்ராமாற்றிக் கியர்ப் பெட்டியில் இத்தகைய திரவ இணைப்பே அமைந்திருந்தது. 1948 இல் பியூயிக் வண்டிகளுக்கு வந்த டைனாஃபுளோவில் முறுக்குவிசை மாற்றி இடம்பெற்றது.

எமது மொன்றியலுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. நகருக்கு வடக்கே, புவாபிரியானில் இருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலை 1965 முதல் 2002 வரை இயங்கியது. செயின்ற் தெரேஸ் தொழிற்சாலை என்று பலரும் அறிந்த அங்குதான் நான்காம் தலைமுறைக் கமாரோ, ஃபயர்பேர்ட் கார்கள் 1993 ஆம் ஆண்டு மாதிரி முதல் 2002 வரை உருவாக்கப்பட்டன. அத்தொழிற்சாலை இருந்த நிலத்தில் பின்னர் கடைத்தொகுதி எழுந்தது. ஆனால் அங்கு பிறந்த கார்கள் இன்னும் எமது வீதிகளில் ஓடுகின்றன. எமது பழைய மாணவர் வாங்கியதும் அவற்றுள் ஒன்றே: 1998 ஆம் ஆண்டுக் கமாரோ, 5.7 லீற்றர் எட்டு உருளை இயந்திரம், நான்கு வேகத் தானியங்கிக் கியர்ப் பெட்டி.

ஸ்ரோல் வேகம் என்றால் என்ன?

பிரேக்கினால் காரை அசையவிடாமல் நிறுத்தி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்தால் இயந்திரத்தின் வேகம் ஓர் எல்லை வரை உயர்ந்து அங்கேயே நின்றுவிடும். சுழலி அசையாது நிற்க, பம்பி அதற்குமேல் எண்ணெயைத் தள்ள முடியாத அந்த எல்லையே ஸ்ரோல் வேகம். இதனைத் தமிழில் தடைநிலை வேகம் எனலாம். சாதாரண வீதிக் கார்களில் இது நிமிடத்திற்கு ஏறத்தாழ 1500 முதல் 2200 சுற்றுகள் வரை இருக்கும். 3000 அல்லது அதற்கு மேல் இருப்பதை உயர் ஸ்ரோல் மாற்றி என்பர்.

இங்கு இளைஞர் பலர் இரு தவறான எண்ணங்களைக் கொண்டுள்ளனர். முதலாவது, 3500 ஸ்ரோல் மாற்றியைப் பொருத்தினால் இயந்திரம் 3500 சுற்றை எட்டும்வரை கார் நகராது என்பது. இது பிழை. அக்சிலேற்றரை மெதுவாக மிதித்தால் கார் அதற்கு மிகக் குறைந்த வேகத்திலேயே நகரும். ஆனால் முன்னையதைவிடச் சற்றுக் கூடுதலாக நழுவும், அவ்வளவே.

இரண்டாவது தவறு, ஸ்ரோல் வேகம் மாற்றியின் மீது எழுதப்பட்ட மாறாத எண் என்பது. இதுவும் பிழை. ஒரே மாற்றி, வலிமை கூடிய இயந்திரத்தின் பின்னால் உயர்ந்த ஸ்ரோலையும், வலிமை குறைந்த இயந்திரத்தின் பின்னால் தாழ்ந்த ஸ்ரோலையும் தரும். ஸ்ரோல் வேகம், இயந்திரத்தின் முறுக்குவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுகிறது. கணிதம் கற்கும் மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

மாற்றியின் விட்டம் இன்னும் வலிமையான காரணி. ஒரே வடிவமுடைய இரு மாற்றிகளில், தாங்கக்கூடிய முறுக்குவிசை விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப அமையும். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மாற்றி 2000 சுற்றில் தடைநிலை அடைகிறது எனக் கொள்வோம். அதே வடிவில் 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ளதைப் பொருத்தினால், தடைநிலை ஏறத்தாழ 3150 சுற்றுக்கு உயரும். உயர் ஸ்ரோல் மாற்றிகள் கைக்கு அடக்கமாகச் சிறியனவாக இருப்பதன் காரணம் இதுவே. இதற்கு மேல், தகடுகளின் கோணத்தையும் நிலைச் சில்லின் வடிவத்தையும் மாற்றியும் தயாரிப்பாளர்கள் ஸ்ரோலை நிர்ணயிக்கின்றனர்.

உயர் ஸ்ரோல் எதற்கு?

கனமான ஊஞ்சலைத் தள்ளுபவர், தம் கைகளுக்கு வலிமை கிடைக்கும் நிலையில் கால்களை ஊன்றி நின்ற பின்னரே தள்ளுவார். இயந்திரமும் அவ்வாறே. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் வலிமை மிக்க ஒரு வேக எல்லை உண்டு. மேற்கூறிய 1998 கமாரோவின் இயந்திரம் சுமார் 4000 சுற்றில் தன் உச்ச முறுக்குவிசையான ஏறத்தாழ 454 நியூற்றன் மீற்றரைத் தருகிறது. ஓட்டப்பந்தயத்துக்கென வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம் தண்டைப் பொருத்தினால், இவ்வெல்லை இன்னும் மேலே செல்லும். கீழ்ச்சுற்றுகளில் இயந்திரம் சோர்ந்துவிடும். அந்நிலையில் 1800 சுற்றில் பிடித்துக்கொள்ளும் மாற்றி, இயந்திரத்தை அதன் சோர்ந்த நிலையிலேயே வேலை வாங்குகிறது. உயர் ஸ்ரோல் மாற்றியோ, இயந்திரம் வலிமை பெறும்வரை அதனை விரைந்து எழவிட்டு, பின்னர் சுமையை ஏற்றுகிறது.

கியர் மாறும்போதும் இதன் பயன் தெரியும். அந்தக் கமாரோவின் முதலாம் கியர் விகிதம் 3.06, இரண்டாம் கியர் 1.63. நிமிடத்திற்கு 5800 சுற்றில் கியரை மாற்றினால், நழுவல் இல்லையெனில் இயந்திரம் ஏறத்தாழ 3090 சுற்றுக்கு வீழ்ந்துவிடும். முழு மிதியில், மாற்றி பூட்டப்படாதவரை, இயந்திரம் அதன் ஸ்ரோல் வேகத்துக்குக் கீழே பெரிதாக இறங்காது. ஆகவே 3200 அளவிலான ஸ்ரோல், இரண்டாம் கியரிலும் இயந்திரத்தை அதன் வலிமையான பகுதிக்குள் தாங்கிப் பிடிக்கும்.

வெப்பம் என்னும் பகைவன்

நன்மை இவ்வளவென்றால், எல்லோரும் 4500 ஸ்ரோலையே வாங்கிவிடலாமே? இங்குதான் அளவு என்னும் சொல் வருகிறது.

நழுவலில் இழக்கப்படும் ஆற்றல் எங்கும் மறைவதில்லை. அது வெப்பமாக எண்ணெயினுள் புகுகிறது. நகர வீதியில் இயந்திரம் 30 கிலோவாற் வலுவைத் தரும் ஒரு கணத்தில், மாற்றி அதில் 85 வீதத்தை மட்டுமே கடத்துகிறது எனக் கொள்வோம். எஞ்சிய 4.5 கிலோவாற் வெப்பமாகும். மொன்றியல் குளிர்காலத்தில் எம் வீட்டு அறைகளில் வைக்கும் 1500 வாற் மின்சூடாக்கிகள் மூன்றினை எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கியதற்கு இது சமமாகும்.

தானியங்கிக் கியர்ப் பெட்டியின் எண்ணெய் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை நீண்டகாலம் உழைக்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது கராஜ் தொழிலாளரிடையே வழங்கும் கைவிதி. எண்ணெய் கெட்டால் கிளச் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் வெப்பம் பிறக்கும். ஈற்றில் கியர்ப் பெட்டியே எரிந்துபோகும்.

எமது சொந்த அனுபவம்

பிறருக்கு அறிவுரை கூறும் நாமும் ஒரு காலத்தில் இப்பிழையைச் செய்தவர்களே. பல ஆண்டுகளுக்கு முன்னர், 3500 என்று மைப்பூச்சால் எழுதப்பட்டிருந்த பழைய மாற்றி ஒன்றை மலிவாக வாங்கி, எமது பழைய காரில் பொருத்தினோம். அது 600 நியூற்றன் மீற்றர் தரும் பெரிய இயந்திரத்தின் பின்னால் இருந்தது என்பதை விசாரிக்கவில்லை. எமது இயந்திரம் தந்ததோ 420 மட்டுமே. 420 ஐ 600 ஆல் வகுத்தால் 0.7, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.837. எனவே எமக்குக் கிடைத்த ஸ்ரோல் 2930 அளவே. எழுதியிருந்த எண்ணை நம்பி ஏமாந்தோம்.

அதைவிடப் பெரிய பிழை, பூட்டுக் கிளச் அற்ற அந்த மாற்றிக்கு ஒயில் கூலர் எதனையும் சேர்க்காமல் விட்டதாகும். ஒரு ஜூலை மாதப் பிற்பகல், தென்கரையிலிருந்து பழைய சம்பிளேன் பாலத்தின் ஏற்றத்தில் வாகன நெரிசலில் ஊர்ந்து வந்தோம். பாலத்தைக் கடந்தபோது கருகிய மணம் எழுந்தது. வீடு வந்து அளவுகோலை இழுத்துப் பார்த்தால், செந்நிறமாக இருக்கவேண்டிய எண்ணெய் கபில நிறமாகியிருந்தது. சில வாரங்களில் இரண்டாம் கியர் பிடிக்க மறுத்தது. மலிவாக வாங்கியதாக நாம் மகிழ்ந்த பொருள், ஒரு கோடைகாலச் சேமிப்பை முழுதாக விழுங்கிவிட்டது.

தெரிவு செய்யும் முறை

எனவே, மாற்றியை வாங்கும் முன்னர் பின்வரும் விபரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். சாரதியுடன் சேர்த்து வாகனத்தின் நிறை, இயந்திரத்தின் கொள்ளளவு, எந்தச் சுற்றில் எவ்வளவு முறுக்குவிசை, கேம் தண்டின் விபரம், கியர்ப் பெட்டியின் வகை, பின் அச்சின் விகிதம், ரயரின் விட்டம், வீதியில் எத்தனை வீதம், தடத்தில் எத்தனை வீதம் என்னும் பயன்பாடு. நல்ல தயாரிப்பாளர் இவற்றைக் கேட்காமல் விலை கூறமாட்டார். இவற்றுள் கடைசி விபரத்திலேயே இளைஞர்கள் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கின்றனர். ஆண்டுக்கு மூன்று நாள் தடத்துக்குச் செல்பவர், தம்மைப் பந்தய வீரர் என எழுதிவிடுகிறார்.

பொதுவான வழிகாட்டியாகச் சில எண்களைத் தரலாம். மாற்றம் செய்யாத இயந்திரத்துடன் நாளாந்தம் ஓடும் காருக்கு 2200 முதல் 2800 வரை போதுமானது. மிதமான கேம் தண்டுடன் பெரும்பாலும் வீதியில் ஓடும் காருக்கு 2800 முதல் 3400 வரை பொருந்தும். பெரும்பாலும் தடத்திலேயே ஓடும், மேற்சுற்றில் வலிமை பெறும் காருக்கு 3500 க்கு மேல் செல்லலாம். ஸ்ரோல், உச்ச முறுக்குவிசை தரும் வேகத்துக்குச் சற்றுக் கீழே அமைவது நன்று. கனமான கார், சிறிய இயந்திரம் என்றால் எச்சரிக்கையாகத் தேர்க.

அடுத்து, நெடுஞ்சாலை வேகத்தைக் கணித்துப் பார்க்கவேண்டும். ரயரின் விட்டம் 65 சென்ரிமீற்றர், பின் அச்சு விகிதம் 3.23, நான்காம் கியர் 0.70 எனில், மணிக்கு 100 கிலோமீற்றரில் இயந்திரம் நழுவலின்றி ஏறத்தாழ 1845 சுற்றில் சுழலும். இது உயர் ஸ்ரோல் எல்லைக்கு மிகக் கீழே உள்ளது. ஆகவே இத்தகைய காருக்குப் பூட்டுக் கிளச் உள்ள மாற்றியே வேண்டும். ரேடியேற்றருக்கு முன்னால் தனியான ஒயில் கூலரும், சாரதி காணும்படி எண்ணெய் வெப்பமானியும் அமைப்பது கட்டாயம் எனவே நாம் கருதுகிறோம்.

ரயரையும் மறத்தல் ஆகாது. முதலாம் கியரில், மாற்றியின் பெருக்கமும் சேர்ந்து, பின்சில்லுகளைச் சென்றடையும் தள்ளுவிசை, அந்தக் காரின் முழு நிறையையும் விஞ்சக்கூடியது. சாதாரண ரயரால் அதனைத் தரையில் பதிக்க இயலாது. சில்லு சுற்றிப் புகை மட்டுமே எழும். பிடிமானமற்ற ரயருக்கு மேலே விலையுயர்ந்த மாற்றியைப் பொருத்துவது, ஓட்டைக் குடத்துக்குப் பொன்முலாம் பூசுவதைப் போன்றது.

கட்டமைப்பின் தரமும் முக்கியம். மலிவான மாற்றியில் தகடுகள் வெறுமனே மடித்துச் செருகப்பட்டிருக்கும். நல்லதில் அவை உலையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். உயர் சுற்றில் எண்ணெயின் அழுத்தத்தால் மாற்றியின் கூடு பலூன் போல உப்ப முயலும். அதனைத் தடுக்கும் தடித்த தட்டு உண்டா என்று கேட்கவேண்டும். ஊசித் தாங்கிகள், வலுவான ஒருவழிக் கிளச் என்பனவும் கேட்டறிய வேண்டியவை.

பொருத்தும்போதும் சோதிக்கும்போதும்

மாற்றியைக் கியர்ப் பெட்டியினுள் செலுத்தும்போது, அது தண்டுகளிலும் முன் எண்ணெய்ப் பம்பியிலும் படிப்படியாக அமர்வதைக் கையால் உணரலாம். முழுதாக அமராத மாற்றியின் மீது இயந்திரத்தை இறுக்கினால், முதன்முறை இயக்கும்போதே அப்பம்பி உடைந்துவிடும். போல்ற்றுகளைப் பூட்டுமுன், மாற்றிக்கும் இயந்திரத்தின் தட்டுக்கும் இடையே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் இடைவெளி இருத்தல் வேண்டும். வெறுமையாகப் பொருத்தாமல், முன்னரே ஓரளவு எண்ணெய் ஊற்றிக்கொள்வதும் அவசியம்.

ஸ்ரோலைச் சோதிப்பவர்கள் சில விநாடிகளுக்கு மேல் பிரேக்கும் அக்சிலேற்றருமாக மிதித்து நிற்றல் கூடாது. அந்நேரத்தில் இயந்திரத்தின் வலு முழுவதும் வெப்பமாகிறது. மேலும், பல கார்களில் உண்மையான ஸ்ரோலை எட்டும் முன்னரே பின்சில்லுகள் பிரேக்கை மீறி உருளத் தொடங்கும். அதனால் பிரேக்கில் காணும் எண், உண்மை ஸ்ரோலைவிடக் குறைவாகவே இருக்கும். இச்சோதனையை ஆட்கள் நிற்கும் இடத்திலோ, வீட்டு வாசலிலோ செய்தல் மிக ஆபத்தானது.

தடமும் தெருவும்

நேர்கோட்டு இழுவைப் பந்தயத்தின் தூரம் மரபாகக் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீற்றர். மொன்றியலுக்குத் தெற்கே நாப்பியர்விலிலும், கிழக்கே செயின்ற் பீ ஊரிலுள்ள சனேயரிலும் இதற்கென அமைந்த தடங்கள் பெயர் பெற்றவை. தமிழகத்தில் சென்னைக்கு அருகே சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுபாதையிலேயே ஒரு காலத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. ஓட்ட ஆசை எம்மவர்க்கும் புதிதன்று.

எமது பெண் பிள்ளைகளும் அறியவேண்டிய ஒரு பெயர் உண்டு. ஷேர்லி மல்டவுனி என்னும் அமெரிக்கப் பெண்மணி, இழுவைப் பந்தயத்தின் அதியுயர் பிரிவில் 1977, 1980, 1982 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியவர். அவரது வண்டி உயர் ஸ்ரோல் மாற்றியை அன்றிக் கிளச்சையே பயன்படுத்தும் வகையினது. 1984 ஆம் ஆண்டு ஜூன் மாதம், அவர் எமது சனேயர்த் தடத்தில் மணிக்குச் சுமார் 400 கிலோமீற்றர் வேகத்தில் சென்றபோது விபத்துக்குள்ளாகிக் கால்களில் கடுங்காயம் அடைந்தார். பல சத்திர சிகிச்சைகளின் பின்னர் 1986 இல் மீண்டும் தடத்துக்கு வந்தார். தலைக்கவசம், பாதுகாப்பு உடை, கூண்டு, அருகிலேயே மீட்புப் படை ஆகிய அனைத்தும் இருந்த இடத்திலேயே இந்நிலை. இவற்றுள் ஒன்றுமில்லாத தெருவில், பாதசாரிகளின் நடுவே போட்டியிடுவதை வீரம் எனல் தகுமா?

பொதுவீதியில் பந்தயம் ஓடுவது கியூபெக் சட்டத்தின்படி குற்றம். அகப்படுபவரின் சாரதி அனுமதிப்பத்திரம் அவ்விடத்திலேயே இடைநிறுத்தப்பட்டு, வாகனமும் கைப்பற்றப்படும். கனடாவின் குற்றவியல் சட்டக்கோவையிலும் 2006 இல் தெருப் பந்தயத்துக்கெனத் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் விலகுதல் போதாது. வீதியில் நடப்பவர் எவரோ ஒருவரின் பிள்ளை என்பதை நினைத்து விலகுதல் வேண்டும்.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

பெற்றோரே, பிள்ளை காரின் கீழே கிடந்து கைகளில் கறை பூசிக்கொள்வதைப் பயனற்ற வேலை என ஒதுக்கிவிடாதீர்கள். மேலே நாம் கண்டவை அனைத்தும் பௌதிகமும் கணிதமுமே. வர்க்கமூலம், அடுக்கு, விகிதம், ஆற்றல், வெப்பம் ஆகிய யாவும் இதில் உள்ளன. கியூபெக்கில் மோட்டார் வாகனப் பொறிமுறைக்கான தொழிற்கல்விச் சான்றிதழ் 1800 மணிநேரக் கற்கையைக் கொண்டது. அது மதிப்புள்ள வாழ்க்கைத் தொழில். பொறியியற் படிப்புக்கும் ஆர்வத்தைத் தூண்டுவது. மின்சாரக் கார்களுக்கு முறுக்குவிசை மாற்றி தேவையில்லை. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே தன் முழு முறுக்குவிசையையும் தரவல்லது. ஆயினும் இந்தக் கருவியை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு, அது ஏன் தேவையில்லை என்பதும் எளிதில் விளங்கும்.

மாணவர்களே, நீங்கள் வாங்க விரும்பும் பொருள் என்னவென்று உங்கள் தந்தைக்கும் தாய்க்கும் தமிழில் விளக்கிப் பாருங்கள். அவ்வாறு விளக்க முடியாவிட்டால், நீங்களே அதனை இன்னும் முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை என்பது பொருள். விளங்காத பொருளுக்கு ஆயிரம் டொலருக்கு மேல் செலவிடுதல் அறிவுடைமை அன்று.

எமது பழைய மாணவர் 4000 ஸ்ரோல் மாற்றியை வாங்கவிருந்தார். மேற்கூறிய தாளை நிரப்பிக் கொண்டுவரச் சொன்னோம். பயன்பாடு என்னும் இடத்தில் வீதி 90 வீதம், தடம் 10 வீதம் என நேர்மையாக எழுதியிருந்தார். கேம் தண்டு மிதமானது. கணக்கைப் பார்த்தபின் அவரே 3200 என்று முடிவுசெய்தார். பூட்டுக் கிளச் உள்ளது. முதலில் ஒயில் கூலரையும் வெப்பமானியையும் வாங்கினார். மாற்றியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தார். குளிர்காலத்தில் அந்தக் காரை நிறுத்தி வைக்கிறார். அவர் முதன்முறை நாப்பியர்வில் சென்ற நாளில், தந்தையாரும் உடன் சென்று வேலியருகே நின்று பார்த்தாராம். வெப்பமானியின் முள் எங்கே நிற்கிறது என்று மகனிடம் கேட்டாராம். அக்கேள்வியைக் கேட்கும் அளவுக்கு அவர்களிடையே பேச்சு வளர்ந்தது எமக்குப் பெருமகிழ்ச்சி.

நிறைவாக, மேல்வகுப்பு மாணவர்க்கு ஒரு கணக்கு. 400 நியூற்றன் மீற்றர் தரும் இயந்திரத்தின் பின்னால் ஒரு மாற்றி 2800 சுற்றில் தடைநிலை அடைகிறது. இயந்திரத்தை மேம்படுத்தி 484 நியூற்றன் மீற்றர் ஆக்கினால், அதே மாற்றியின் ஸ்ரோல் வேகம் என்ன? விடை 3080 என வருகிறதா என்று பாருங்கள். வந்த வழியை உங்கள் பெற்றோருக்குத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள்.

அளவறிவோம், அறிந்தபின் விரைவோம். வளர்க எம் மாணவர் அறிவு, வாழ்க தமிழ்.